பிரஷர் இறங்கும்வரை

கறி உலர்த்தும் கொட்டகைப் பக்கமிருந்து எலின்போர் மூச்சிரைக்க ஓடி இறங்கினாள். வயது எழுபத்தொன்று.

"என்னடி இது, ஆட்டை விரட்டுற மாதிரி?" என்றேன், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"கத்தாதே மார்யுன். மூணு தடவை மேட்டுல ஏறி இறங்கியாச்சு. ரெண்டு கப் காபி வேற குடிச்சிருக்கேன். இப்ப பார்த்தா பிரஷர் எகிறும்."

"எகிறணுமா?"

"இறங்குற வரைக்கும் கூட ஆள் இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். இறங்கிட்டா, ரன்வா வியாழக்கிழமைக் கப்பல்ல கோபன்ஹேகன் கிளம்பிடுவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பொண்ணையே ஏமாத்துறியா? ரெண்டு வாரம்னு வந்தவ, அவளுக்கு அங்க வேலைவெட்டி இல்லையா? 'இன்னும் கொஞ்ச நாள் இருடி'னு கேட்டாத்தான் என்ன?"

"கேட்டு, அவ மாட்டேன்னுட்டா?" எலின்போர் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். "பதினோரு வருஷம் கழிச்சு மாடியில அவ நடக்குற சத்தம் கேக்குது, மார்யுன்."

எங்கள் தீவுக்காரர்களே இப்படித்தான். ஏங்கிச் சாவோமே தவிர, 'இரு' என்று ஒருத்தரைக் கேட்க மாட்டோம்.

இருந்தாலும் பொய் பொய்தானே? ரன்வாவிடம் உடைத்துவிடுவது என்று பின்னாலேயே போனேன்.

சமையலறையில் ரன்வா அம்மாவின் கையில் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றும்போது போன் அடித்தது. அவளுடைய முதலாளி. ஜன்னலோரம் நின்று கால் மணி நேரம் பேசினாள்.

"சரிங்க. அம்மாவுக்கு பிரஷர் பார்த்துட்டு சொல்றேன்."

அதற்குள் எலின்போரின் மூச்சு சீராகி, முகத்தின் சிவப்பும் வடிந்திருந்தது. தவித்துப் போனாள்.

"கறி காயுதான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்டி..."

"உக்காரும்மா. கால்மேல கால் போடாதே, பேசாதே."

பட்டை இறுகியது, தளர்ந்தது. எலின்போர் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அடக் கடவுளே, நூத்தி எழுபத்திரண்டு!" என்றாள் ரன்வா. "இந்தக் கப்பல்ல நான் எப்படிப் போறது? அடுத்த மாசம் பார்த்துக்கலாம்மா."

"ஐயையோ!" என்றாள் எலின்போர், சிரிப்பை அடக்கத் தெரியாமல்.

கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுமா? ரன்வாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

கருவியில் இருந்தது நூற்று இருபத்துநான்கு.