தும்பியில் எழுதுகிறவள்

“ஜாவா தெரியும்றீங்க, பைத்தான் தெரியும்றீங்க. அப்புறம் ஏம்மா இந்தத் தும்பியையே கட்டிக்கிட்டு அழறீங்க?”

மேடவாக்கத்து அலுவலகத்தில் எப்சியை நேர்காணல் செய்த மேலாளர் ஹேமாவதி கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

தும்பி ஒரு கணினி மொழி. அதில் நிரல் எழுதுகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அதை நம்பி வேலை கொடுப்பவர்கள் யாருமில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே சில நல்ல வேலைகளை எப்சி விட்டிருந்தாள்.

“பழகிடுச்சு மேடம்.”

“இங்க எல்லாம் ஜாவாதான். ஓகேன்னா சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணுங்க.”

பொழிச்சலூர் வீட்டுக்கு வந்ததும், உடைகூட மாற்றாமல் மடிக்கணினியைத் திறந்தாள். கூரைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப்போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது.

தும்பியில் ஒரு வரி எழுதினாள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டாள்.

‘அக்கா, கதவத் தெறந்து போட்டுட்டுப் போனா கொசு வராதா?’ என்றது திரை.

தும்பியை உருவாக்கியவன் அவளுடைய தம்பி ஜாய்சன். மற்ற மொழிகள் பிழையைச் சுட்டிக்காட்டும். அவனுடையது திட்டும். முதன்முதலில் அதில் எழுதிப் பார்த்தவள் எப்சி என்பதால் எல்லாத் திட்டும் ‘அக்கா’ என்றே தொடங்கும். முகம் தெரியாத எவனோ தப்புச் செய்தாலும் அவனும் அக்காதான்.

போன மழைக்காலத்தில், பல்லாவரம் கல்லறைத் தோட்டத்தில் ஜாய்சனை அடக்கம் செய்தார்கள்.

அன்றிலிருந்து எப்சி புதுப்புதுத் தப்புகளாகத் தேடிச் செய்துகொண்டிருந்தாள். தும்பியின் மூலநிரலைத் திறந்தால், அவன் எழுதிவைத்த அத்தனை திட்டையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

அவள் திறக்கவில்லை. படித்து முடித்துவிட்டால், அப்புறம்?

இன்றைக்குக் கை நிற்கவில்லை. நிரலில் ஒரு பெயரை மாற்றி எழுதினாள். பூஜ்யத்தால் வகுத்தாள். இல்லாத கோப்பைக் கேட்டாள். எல்லாம் ஏற்கெனவே வாங்கிய திட்டுகளாகவே வந்தன.

பிறகு, இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. அடுக்கடுக்காகத் தப்புச் செய்தால் மட்டும் வரட்டும் என்று வைத்திருப்பான் போல.

‘அக்கா, வேணும்னேதானே பண்றே?’

எப்சி சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

அவனுடைய கட்டில். மடித்துவைத்த போர்வை.

பிறகு ஹேமாவதியை அழைத்து, திங்கட்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள்.

பின்னால் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, குரலைத் தாழ்த்தி.