தப்பாய்ப் பிறந்த பஞ்சு

மூலக்கூறின் வடிவத்தைக் கணிப்பு இயந்திரம் சொல்லிவிட்டால் அந்த ஆய்வுக்கூடத்தில் அப்பீலே கிடையாது. கடற்பஞ்சு என்னும் கடல் உயிரியில் கிடைத்த வலி மருந்தின் மூலக்கூறு வலக்கை வாகு என்றது அது. அந்த மருந்தைப் படிகமாக வளர்த்துப் பார்த்த ஆய்வாளர் ஜெசிந்தாவுக்கோ, கண்ணாடி பிம்பம் மாதிரி நேர் எதிராக, இடக்கை வாகாகத் தெரிந்தது. வலது கை உறை இடது கையில் ஏறாத மாதிரி, வாகு மாறினால் மருந்தும் வேலை செய்யாது.

“சார், மெஷின் தப்பு பண்ணியிருக்கு.”

“மெஷினா? பஞ்சுதாம்மா தப்பு பண்ணியிருக்கு” என்றார் இயக்குநர் திருநாவுக்கரசன். மூலக்கூறுக்குத் தம் பெயரையே சூட்டிக்கொண்டவர். இருந்த பஞ்சுச் சாற்றையெல்லாம் ‘போலி’ என்று கையெழுத்திட்டுக் கொட்ட வைத்தார். தொழிற்சாலையும் வலக்கை மாத்திரையைச் செய்து தள்ளியது.

அந்த மருந்துக்கான விருது விழாவில், அதே மாத்திரையைப் பத்து நாள் விழுங்கியிருந்த இயக்குநர், தீராத மூட்டு வலியோடு மேடைப் படிகளின் கீழே நின்றார். மேலே மந்திரி, சுற்றிலும் கேமராக்கள். நொண்டினால் மருந்தின் மானம் போய்விடும்.

“ஜெசிந்தா, அந்தத் தப்பான பஞ்சுச் சாறு ஒரு சொட்டு இருக்குமாம்மா?”

“கொட்டியாச்சே சார். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு படிகளை முறைத்தார் இயக்குநர்.

“படியைத் தப்பாக் கட்டியிருக்கான்” என்றார்.