யாரு வீட்டுப் பிள்ளை?

"அத்தை, சத்தியமா வாயத் திறக்க மாட்டேல்ல?"

"ரொட்டி திங்கக்கூடவாடா?" என்றாள் வெர்னா அத்தை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துடைத்த மேசையையே ஏழாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மோரீயில் புதிதாகக் கட்டிய மருத்துவமனையின் உணவகத்தைப் பூர்வகுடிகள் நடத்தும் கடை ஒன்றுக்குத்தான் கொடுக்கப்போகிறார்கள். கடைகளுக்கு மார்க் போட சிட்னியிலிருந்து ஓர் அதிகாரி வந்துகொண்டிருந்தார்.

கிடைத்தால் எங்கள் கடை பிழைக்கும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு இழுத்து மூடிவிட்டு நான் பழையபடி பஞ்சு ஆலைக்குப் போய் நிற்க வேண்டும். ஆலையில் சேர்த்துக்கொள்வார்களா என்பதும் சந்தேகம். வேலையை விட்ட அன்று மேலாளரிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு வந்திருந்தேன்.

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தை அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தேன். மார்க் போடுகிறவர் நமக்குச் சொந்தம் என்று தெரிந்தால், அவர் போட்டது செல்லாது. வேறு ஆள் வந்து முதலிலிருந்து பார்ப்பார். யார், எப்போது என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம்.

எங்கள் பூர்வகுடிச் சனத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது கேள்வியில் சொந்தம் வந்துவிடும். அத்தைக்கு மூன்றாவதிலேயே வந்துவிடும்.

வந்து இறங்கியவரும் எங்கள் சனம்தான். பெயர் ரஸ்ஸல். அத்தையைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன்.

கங்காரு வால் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். மிச்சக் குழம்பை ரொட்டியால் வழித்து, விரலையும் விட்டுவைக்கவில்லை. நூற்றுக்கு நூறு என்று என் மனசு அங்கேயே கூட்டிப் போட்டுவிட்டது.

பிறகு சுவரைப் பார்த்தார். குடும்பப் படங்கள், என் தம்பியின் பழைய ரக்பி சட்டை, ஒரு நாள்காட்டி.

"புள்ளி ஓவியம், பூமராங் எதுவும் மாட்டலையா? நம்ம பண்பாட்டுக்குன்னு தனியா மார்க் இருக்கு."

"அதெல்லாம் டூரிஸ்ட் கடையில இருக்கும் சார். எங்க கடைக்கு வர்றவங்க வீட்டு ஆளுங்க."

சிரித்தார். எழுதினார். கீழே கோடு போட்டு என்னவோ கூட்டினார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தை அதுவரை சொன்ன சொல் தவறவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, நிதானமாகத் தேநீர் ஊற்றினாள். கோப்பை நிறைந்தது. பிறகு என்ன தோன்றியதோ, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ?"

"அத்தை, உள்ள அடுப்பு எரியுது!" என்று கத்தினேன்.

"எரியட்டும். சொல்லுப்பா."

"நான் சிட்னிங்க, ஆன்ட்டி."

"சிட்னி யாரையும் பெத்துப் போடாது. உங்கம்மா எந்த ஊரு?"

"வால்கெட். அவங்க பேரு ஐரிஸ்."

நான் மேசைக்கடியில் அத்தையின் காலை உதைத்தேன். அவள் திருப்பி உதைத்தாள். அவளுடையதுதான் பலமாக விழுந்தது.

"எந்த ஐரிஸ்? குதிரையிலேருந்து விழுந்து முன்பல்ல ஒடச்சிக்கிட்டவளா?"

அவர் கையிலிருந்த பேனா நின்றது. "உங்களுக்கு எப்படி..."

"அடேய்! அவ என் பெரியப்பா மவடா! நான் உனக்குச் சித்தி! இதோ முழிக்கிறானே லாய்டு, இவன் உனக்கு மச்சான்!"

அவ்வளவுதான். அரசாங்க அதிகாரி எழுந்து வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு விசும்பினார். அம்மா போன பிறகு இந்தப் பக்கத்துச் சொந்தம் யாரையும் அவர் பார்த்ததே இல்லையாம். எனக்கும் கண் கலங்கியது. பாதி பாசத்தால், மீதி பஞ்சு ஆலையை நினைத்து.

மூக்கைச் சிந்திவிட்டு, காகிதத்தின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு கிழித்தார் ரஸ்ஸல். "மன்னிச்சுக்க மச்சான். இது செல்லாது. நாளைக்கே வேற ஆள அனுப்பச் சொல்றேன்." காகிதத்தை எடுத்துக்கொண்டு, போன் பேச வாசலுக்குப் போனார்.

நான் அத்தையின் மேல் பாய்ந்தேன். "இப்பத் திருப்தியா? நாலாம் பக்கத்தப் படிச்சுப் படிச்சுக் காமிச்சேனே! மனுஷன் விரலக்கூட விடாம வழிச்சுத் தின்னான்! கையில வந்த வேலைய வாயாலயே தொலைச்சிட்டியே!"

அத்தை சாவகாசமாகக் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"நூத்துக்குப் பதினெட்டு போட்டிருந்தான்டா."