பெயர்களின் மேல் ஒரு பலகை

பழைய துறைமுகத்தின் கரையெங்கும் வெயில் தகதகக்கிறது. சரக்குக் கிடங்குகளுக்குப் புதுச் சாயம் பூசி உணவகங்களாக்கிவிட்டார்கள். துருப்பிடித்த பாரந்தூக்கியின் அடியில் நின்று ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மகளோடு சுற்றிப் பார்க்க வந்த அம்மாவுக்கு அதிலெல்லாம் கண் போகவில்லை. கப்பலில் தீப்பிடித்தபோது செத்துப்போன சுமைதூக்கிகளின் பெயர்களை வெட்டிய கல்லைத் தேடுகிறாள். அவள் கணவன் பெயரும் அதில் உண்டு. கல் இருக்கிறது. அதன்மேல், இன்றைய உணவு வகைகளைச் சாக்பீஸால் எழுதிய ஆளுயரப் பலகை சாய்ந்திருக்கிறது. கடற்காற்றில் மேசைக் குடைகள் படபடக்க, கரண்டிகள் கிணுகிணுக்கின்றன. அம்மா பலகையை இரு கையாலும் பிடித்து நகர்த்துகிறாள். அது உரசி உரசி விழுந்த வெள்ளைக் கோடு பெயர்களின் குறுக்கே ஓடுகிறது. பரிமாறுகிறவன் ஓடி வருகிறான்.

"அம்மா, அதத் தொடாதீங்க. வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

"எங்க வீட்டுக்காரர் பேரும் வர்றவங்களுக்குத் தெரியணும்னுதான்யா வெட்டி வச்சாங்க."

"காத்துல விழுந்துடுதும்மா. சாய்க்க வேற இடமில்ல."

"கரை முழுக்க மேசையப் போட்டுட்டு, செத்தவங்க நெஞ்சுதான் கெடச்சுதா உங்களுக்கு?"

சாப்பிடுகிறவர்களின் கைகள் அப்படியே நிற்கின்றன.

"விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க," என்று மகள் முணுமுணுக்கிறாள்.

"பாக்கட்டும்டி. பாக்கத்தானே வந்திருக்காங்க."

அம்மா உள்ளங்கையால் கல்லைத் துடைக்கிறாள். கணவன் பெயரில் விரல் சற்றுத் தங்குகிறது. பிறகு கல்லின் அடியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். மகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அவளோடு ஒட்டி உட்காருகிறாள். பரிமாறுகிறவன் பலகையோடு நிற்கிறான்.

"இப்ப வைப்பா," என்கிறாள் அம்மா, "எங்க மேல சாய்ச்சு வை."