பேய் சீரியல் பார்த்த பல்லி

டியூப்லைட் ஓரத்தில் இரண்டு பல்லிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே டிவியில் பேய் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

“மச்சான், எனக்கு ஒண்ணுமே விளங்கல. இந்தப் பேய் நேத்து சுவருக்குள்ள புகுந்து வந்துச்சு. இன்னைக்கு எதுக்கு காலிங் பெல் அடிக்குது?” என்றது குட்டைவால் பல்லி.

“பூச்சி வருது, பேசாம இரு,” என்றது மற்றது.

“கிணத்துல விழுந்து செத்தவ, ‘என்னை எரிச்சுட்டீங்களே’ன்னு அழுவுறாளே!”

சோபாவில் இருந்த வீட்டுக்காரருக்கும் அதே குழப்பம். “ஏம்மா, இவ கிணத்துலதானே செத்தா?” என்று மனைவியைக் கேட்டார்.

“கிணறாவது ஒண்ணாவது! எரிச்சுத்தான் கொன்னாங்க,” என்றாள் செண்பகவல்லி.

குட்டைவாலுக்குப் பொறுக்கவில்லை. “இல்லை! இல்லை! இல்லவே இல்லை!” என்று தொண்டை கிழியக் கத்தியது.

செண்பகவல்லி சட்டென்று சோபாக் கட்டையை விரலால் தட்டினாள். “கேட்டீங்களா? பல்லியே சொல்லிடுச்சு.”

வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட்டார்.

குட்டைவால் மெதுவாகத் திரும்பியது. “மச்சான், நான் இப்ப என்ன சொன்னேன்?”