வடிதாளில் எழுந்த கை

"உயிர் எங்கும் தன் கையெழுத்தை விட்டுச்செல்கிறது!" என்று பேராசிரியர் முனிராஜ் முழங்குகிறார், முழங்கிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி நழுவுகிறது. ஓசூர்க் கல்லூரி ஆய்வகத்தில் ஸோயா, அமினோ அமிலத்தை நிறமாய்க் காட்டும் நின்ஹைட்ரின் தெளித்த வடிதாளை இடுக்கியால் பிடித்துச் சூடு காட்டுகிறாள். வளையம் கொண்ட அமினோ அமிலமான ஹிஸ்டிடின் இருந்தால் ஊதாப் பொட்டு தெரியும்; செய்முறை மதிப்பெண் அதற்குத்தான். சிப்காட் தொழிற்பேட்டைச் சங்கு ஓய்ந்த அமைதியில், வெற்றுத்தாளில் ஒரு கட்டைவிரல் ஊதாவாக எழுகிறது, ரேகைகளோடு, குறுக்கே ஒரு தழும்போடு. பின்புறம் நான்கு விரல்கள் கசிகின்றன, கண்ணுக்குத் தெரியாத யாரோ அவளோடு சேர்ந்து தாளைப் பிடித்திருப்பதுபோல.

"பேய்க் கைடீ!" என்கிறாள் பக்கத்து மேசைப் பிரவீனா.

"கிளவுஸ் போடாம தொட்டிருக்கே, விரல் வியர்வையிலயும் அமினோ அமிலம் இருக்கும்ல. சைபர்தாம்மா!" சார் தாளைப் பிடுங்குகிறார்.

"நேத்து இந்தத் தாளைக் காயப்போட்டது நீங்கதானே சார்?" என்கிறாள் ஸோயா.

தாளைப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது.