சிங்தாவ் சிப்பிப் பெட்டி

செங்து நகரச் சந்தையில் நினைவுப் பொருள் விற்கும் தோங், பாண்டா பொம்மை ஒன்றை எடுத்துக் காட்டினாள். வாங்க வந்த ஷூச்சின் வேண்டாமென்றாள்.

"கடல் சிப்பியில செஞ்சது இருக்கா? சிங்தாவ்னு எழுதியிருக்கணும்."

"கடலோரத்து சிங்தாவ் எங்க இருக்கு, செங்து எங்க இருக்கு அக்கா?" என்று கேட்டாலும், உள்ளே துழாவி ஒரு சிப்பிப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தாள் தோங். "எண்பது யுவான்."

"முப்பது."

"அந்த ஊருக்கே போனாலும் இந்த விலைக்குக் கிடைக்காது."

"பத்து நாளா நான் அங்க இருக்கேன்னு என் பொண்ணு நினைச்சுக்கிட்டிருக்கா. வெறுங்கையோட போக முடியுமா?"

தோங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிஜமா எங்க இருந்தீங்க? மாஜாங் சூதாட்டமா? அங்க விட்டதை என்கிட்ட பிடிக்கப் பாக்குறீங்களா?"

ஷூச்சின் மறுக்கவில்லை. "அப்படியே வச்சுக்கோ. நாற்பது."

"உங்களைக் கட்டிக்கிட்டவர் பாவம்," என்றபடி தோங் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஷூச்சின் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது.

தோங் கத்தரிக்கோலை எடுத்தாள். ஷூச்சினின் மணிக்கட்டில் இருந்த, புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் போட்ட பிளாஸ்டிக் பட்டையை வெட்டி எடுத்தாள்.

"இதோட போனா உங்க பொண்ணு பெட்டியை நம்ப மாட்டா அக்கா."